எடுக்காத கார்டு

என் மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீராகப் பட்டு எடுக்க, மஸ்கட்டிலிருந்து வந்திருந்த அண்ணனோடு வடசேரியில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனேன். என் நாத்தனாரும் கூட வந்தாள். அவள் முன்னால் என் பிறந்த வீட்டு மானம் போய்விடக் கூடாது என்பதுதான் அன்றைக்கு எனக்கிருந்த ஒரே கவலை.

புடவை அமைந்தது. அண்ணன் தன் மஸ்கட் வங்கி கார்டை நீட்டினான். மெஷின் இரண்டு தடவை கத்திவிட்டு ஒரு துண்டுச்சீட்டைத் துப்பியது.

"வெளிநாட்டுக் கார்டு நம்ம மெஷின்ல எடுக்காது அண்ணாச்சி. போன்ல ஸ்கேன் பண்ணுங்க" என்றார் கடைக்காரர்.

அண்ணன் போனில் இருந்தது மஸ்கட் நம்பர். அதில் நம்மூர் ஸ்கேன் வேலை செய்யாதாம். "எடுத்தாலும் எங்க பேங்குக்காரன் தனியா கமிஷன் பிடிப்பான், காசு மாத்துற ரேட்டுலயும் பிடிப்பான்" என்று முணுமுணுத்தான். எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. உலகம் முழுக்கச் செல்லும் என்று பீற்றிக்கொண்ட கார்டு, தங்கச்சி மகளுக்குப் புடவை என்றதும் மட்டும் மக்கர் பண்ணுமா?

"மைனி, உங்க அண்ணனுக்க கார்டு பாக்கதுக்கு மட்டுந்தானா?" என்றாள் நாத்தனார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் போனிலிருந்தே பணத்தைக் கட்டினேன். அண்ணன் பார்க்காத நேரத்தில் மெஷின் துப்பிய அந்தச் சீட்டை எடுத்துப் பர்சில் வைத்தேன். மறுநாள் காலையில் வங்கிக்குப் போய் அதைக் காட்டி, கார்டு எடுக்கவில்லையா, கணக்கில் காசில்லையா என்று கேட்டேன். "இத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுக்கா" என்றாள் கவுண்டரில் இருந்த பெண். சாயங்காலம் அண்ணன் ஏ.டி.எம்.மில் எடுத்த பணத்தை என் கையில் வைத்தான். நேற்று கடையில் வராதது இன்று இதில் மட்டும் எப்படி வந்தது? என் சந்தேகம் கூடத்தான் செய்தது.

அடுத்த வருஷம் நான் மஸ்கட் போனேன். அண்ணன் மகளுக்கு அத்தை முறைக்கு ஒரு கம்மல் எடுத்தேன். யார் தயவும் வேண்டாம் என்று என் கார்டைத்தான் நீட்டினேன்.

"சேச்சி, இது இவிட எடுக்கில்லா" என்று மெஷின் துப்பிய சீட்டை என்னிடம் நீட்டினார் கடையிலிருந்த மலையாளி.

அண்ணனும் அவன் மனைவியும் பக்கத்தில் நின்றார்கள். அவள் வாயிலிருந்து என்ன வரப்போகிறதோ என்று பார்த்தேன். அவள் கம்மலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, சத்தியமா இதுல பணம் கெடக்கு. இந்தா சீட்டு, பாரு" என்றேன்.

அண்ணன் அதை வாங்கிக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டான். "எனக்குத் தெரியாதா மக்ளே? நம்மூரு கார்டு இங்க சிலது எடுக்காது" என்று தன் கார்டை நீட்டினான்.

என் கார்டைத் திருப்பி வைக்கப் பர்சைத் திறந்தேன். எழுத்தெல்லாம் மங்கிப்போய், நான் மடித்து வைத்தபடியே கிடந்தது அந்த வடசேரிச் சீட்டு.