வெட்டாமல் விட்ட சேசிஸ்

"யாழ்ப்பாணத்தில மண்ணெண்ணெயில மோட்டச்சைக்கிள் ஓடின ஆக்கள் நாங்கள். எங்களுக்குத் திருத்த ஏலாததெண்டு ஒண்டு இருக்கோ?"

கனடாவில், மொன்றியல் நகரத்தில் கராஜ் வேலை செய்த காலம் முழுக்க இந்த வசனத்தைக் கேட்டிருக்கிறேன். இன்றைக்கும் யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானும் ஓடினவன்தான். மன்னாரில் பிறந்தாலும் தொழில் பழகியது யாழ்ப்பாணத்தில். சண்டை நடந்த பெற்றோல் தடைக் காலத்தில் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓடினேன். வேறு வழியில்லாததால் செய்தோம். வழி இருக்கிற ஊரிலும் வந்து அதையே செய்வது கெட்டித்தனம் இல்லை, விசர்த்தனம். இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்காக ஒரு பைக்கின் கதையை எழுதுகிறேன். எழுதும்போதே கோபம் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. பைக் வந்த நாள்

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நகரத்தின் லாசால் பகுதியில் தயாபரன் என்பவரின் கராஜில் வேலை செய்தேன். தயா என் வயதுக்காரர். வியாபாரம் தெரிந்தவர். வேலை தெரிந்தவர் என்று சொல்லமாட்டேன்.

பனி கரைந்து பைக் சீசன் தொடங்குகிற நேரம். சிவநேசன் என்பவர் ஒரு பிக்கப்பில் உடைந்த பைக்கைப் போட்டுக்கொண்டு வந்தார். நகரத்தின் சென்ட் லோரன்ட் பக்கத்தில் ஒரு மருந்துக் கம்பனிக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். பைக் அவருடைய மகள் ஆரணியுடையது. அவளுக்கும் சென்ட் லோரன்டில்தான் வேலை, விமானப் பாகங்கள் செய்யும் ஃபக்டரியில் அளவு பார்க்கிற வேலை. பஸ் மாறி மாறிப் போகிற தூரத்தை பைக்கில் போய்வந்துகொண்டிருந்தாள். முந்தின இலையுதிர் காலத்தில் ஒரு கார்க்காரன் பார்க்காமல் இடப்பக்கம் திரும்ப, இவள் நேரே போய் அதன் கதவில் மோதினாள். காறை எலும்பு உடைந்தது. உயிர் தப்பியது பெரிய காரியம்.

இன்சூரன்ஸ்காரர், திருத்திக் கட்டாது என்று பைக்கைக் கணக்கிலிருந்து தள்ளிவிட்டுக் காசைக் கொடுத்தார்கள். கியூபெக்கில் இப்படித் தள்ளப்பட்ட வாகனத்துக்கு இரண்டு வகுப்பு உண்டு. ஒன்று இனிமேல் ரோட்டுக்கே வரக்கூடாது, கழற்றி உதிரியாக விற்கலாம். மற்றதைப் பிரெஞ்சு எழுத்தில் 'வெ-ஜெ-ஆ', அதாவது கடுமையாக அடிபட்ட வாகனம் என்போம். அதைத் திருத்தி, படங்களும் பாகங்களின் ரசீதுகளும் காட்டி, இன்ஸ்பெக்ஷன் பாஸ் பண்ணினால் மறுபடி ஓடலாம். ஆரணியின் பைக் இரண்டாவது வகுப்பு. ஓடலாம் என்று எழுதியிருந்தால் ஓடியே ஆகவேண்டும் என்று எங்கள் ஆட்கள் விளங்கிக்கொள்வார்கள். சிவநேசன் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

பெற்றோல் தாங்கியைக் கழற்றிப் பார்த்தேன். முன் சக்கரத்தைப் பிடிக்கிற போர்க் வளைந்திருந்தது, அது மாற்றக்கூடிய சாமான். ஆனால் பைக்கின் எலும்புக்கூடு மாதிரியான சேசிஸின் கழுத்து, அதாவது ஹாண்டிலும் போர்க்கும் வந்து பூட்டுகிற ஸ்டியரிங் ஹெட், பின்னுக்குத் தள்ளுப்பட்டு ஒரு பக்கம் முறுகியிருந்தது. அதன் கீழே வெல்டிங் பிடித்த இடத்தில் பெயின்ற் சுருங்கி, மயிரிழையாக ஒரு வெடிப்பு. பிறகு நூல் பிடித்துப் பார்த்தேன். பின் ரயரை ஒட்டி இரண்டு பக்கமும் நூலை முன்னுக்கு இழுத்தால், முன் ரயர் இரண்டு நூலுக்கும் நடுவில் நிற்க வேண்டும். இது ஒரு பக்க நூலில் போய்ச் சாய்ந்து நின்றது.

"தம்பி, இது சரிவராது," என்றேன். "இன்சூரன்ஸ் காசில பிள்ளைக்கு வேற ஒண்டு எடுத்துக் குடுங்கோ. இதின்ர எஞ்சினைக் கழட்டி வித்துவிடலாம்."

"வேற வேண்டாம் அண்ணை. இதே பைக் ஓடவேணும்."

"அப்ப சேசிஸை முழுசா மாத்தவேணும்."

"சேசிஸ் மாத்தினா அதில அடிச்சிருக்கிற நம்பரும் மாறும். பேந்து அது வேற பைக்தானே."

எனக்கு விளங்கவில்லை. அவர் குரலைத் தணித்துச் சொன்னார்:

"உங்களுக்குத் தெரியாதண்ணை. ஒரு கலியாண வீட்டில எனக்குக் கேக்கத்தக்கதாக் கதைக்கினம். 'பொம்பிளைப்பிள்ளைக்கு மோட்டச்சைக்கிள் வாங்கிக் குடுத்தவர், இப்ப அனுபவிக்கிறார்' எண்டு. என்ர பிள்ளை பிழை விடேல்லை. கார்க்காரன்தான் பிழை. வேற பைக் எடுத்தா, பழசை உடைச்சுப்போட்டாள், தேப்பன் புதுசு வாங்கிக் குடுக்கிறார் எண்டுவினம். அதே பைக்கில அவள் போறதை அவை பாக்கவேணும்."

கதைத்தவர்கள் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. ஓசி ரோல்ஸ் தின்றுகொண்டு வாயை ஆட்டியவர்களில் ஒருவராவது அந்தப் பிள்ளையை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்ததில்லை. ஆனால் அவர்கள் வாயை மூட முறுகின சேசிஸில் மகளை ஏற்றப் பார்க்கிற தகப்பனை என்ன செய்வது? ஏலாது என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அப்போதுதான் அவர் அந்த மண்ணெண்ணெய் வசனத்தைச் சொன்னார்.

2. "எங்கட ஆள்"

சிவநேசன் என்னை விட்டுவிட்டு முதலாளியிடம் போனார். அன்று பின்னேரம் தயா வந்து என் பெஞ்சில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"அந்தோனி, நீர் என்ன எல்லாத்துக்கும் ஏலாது ஏலாது எண்டுறீர்? அவர் எங்கட ஆள். ஆசைப்பட்டு வந்திருக்கிறார்."

"ஆசைப்பட்டா சேசிஸ் நிமிருமோ? வெடிப்பை வந்து பாரும்."

"நேராக்கிற ஆள் ஒருத்தன் இருக்கிறான். அவனிட்ட குடுத்து எடுக்கிறன்."

"அளந்து, ஜிக் சட்டத்தில பூட்டி நேராக்கிறவனோ, சூடு காட்டி இழுக்கிறவனோ?"

"நீர் கதைக்காதையும். உமக்கு விருப்பமில்லாட்டித் தொடவேண்டாம். நானே பூட்டுறன்."

சேசிஸ் போய் வந்தது. கறுப்பு பவுடர் கோட்டிங் அடித்து, கண்ணாடி மாதிரி. வெடிப்பு எங்கே என்று தேடினால் தெரியாது. சூடு காட்டி இழுத்த இரும்பின் பலம் போயிருப்பதும் கண்ணுக்குத் தெரியாது. "அளவெடுத்த கடுதாசி தந்தவனோ?" என்று கேட்டேன். "கண்ணால பாரும், எவ்வளவு வடிவா இருக்கு," என்றார் தயா. வடிவு! வடிவு பார்த்து எடுக்க இது கலியாணச் சேலையா? நான் ஒரு நட்டுக்கூடத் தொடவில்லை. தயா தானே புது போர்க் போட்டு, தானே பூட்டி, தானே படமும் எடுத்து ரசீதுகளோடு கட்டி வைத்தார்.

பிள்ளையிடமாவது சொல்லுவோம் என்று வீட்டுக்கு போன் எடுத்தேன். எடுத்தது சிவநேசன்.

"அவளைப் பயப்பிடுத்தாதையுங்கோ அண்ணை. இப்பத்தான் மனம் தேறி வாறாள். ஞாயிற்றுக்கிழமை கோயில்ல பூசை, அடுத்த நாள் இன்ஸ்பெக்ஷன். நீங்களும் வாங்கோ. ஏலாதெண்டனீங்கள், வந்து பாருங்கோ."

அவர் நக்கலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே அழைத்தார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

3. கோயிலில்

நான் வேதக்காரன், கத்தோலிக்கன். காலையில் தேவாலயத்தில் பூசை கண்டுவிட்டு அதே உடுப்போடு டொலார்ட்-டெஸ்-ஓர்மோவுக்குப் போனேன். அங்கே முருகன் கோயில் கார் பார்க்கில் ஐயர் மூன்று நாலு புது வான்களுக்குப் பூசை செய்துகொண்டிருந்தார். பைக்கை பிக்கப்பில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். தாங்கியில் சந்தனம், குங்குமம், ஹாண்டிலில் மாலை. தயா புதுச் சேர்ட் போட்டு மாப்பிள்ளைத் தோழன் மாதிரிப் பக்கத்தில் நின்றார். சுற்றிவர நல்ல கூட்டம். கலியாண வீட்டில் கதைத்தவர்களும் நின்றிருப்பார்கள். அவர்களுக்காகத்தானே இவ்வளவும்.

ஆரணியை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். மெலிந்த பிள்ளை. பைக்கில் ஏறும்போது இடது தோளைக் கொஞ்சம் பார்த்துப் பார்த்து அசைத்தாள்.

பைக்குக்கு இரண்டு எலுமிச்சம்பழம், முன் சக்கரத்துக்கு ஒன்று, பின் சக்கரத்துக்கு ஒன்று. வெட்டிக் குங்குமம் தடவி ஐயர் வைத்தார். "நேர முன்னாலை எடும் பிள்ளை," என்றார். கார் நிறுத்துகிற மஞ்சள் கோட்டை ஒட்டி ஆரணி மெதுவாக எடுத்தாள். பழங்கள் நசிந்தன. எல்லாரும் கும்பிட்டார்கள். நான் நிலத்தைப் பார்த்தேன்.

காய்ந்த தாரில் குங்குமச் சாறு கோடு இழுத்திருந்தது. நேரே போகிற பைக்கின் முன் சக்கரக் கோட்டின் மேலேயே பின் சக்கரமும் போகும், ஒரு கோடுதான் இருக்கும். அங்கே இரண்டு கோடு, பக்கத்தில் பக்கத்தில், நடுவில் இரண்டு விரல் வைக்கலாம்.

நான் ஓடிப்போய் பைக்குக்கு முன்னால் நின்றேன்.

"இறங்கு பிள்ளை! இறங்கு!"

கோயில் வாசல் என்பதெல்லாம் மறந்து கத்தியிருக்கிறேன். சிவநேசன் தேங்காய்த் தட்டோடு ஓடி வந்தார்.

"அந்தோனி அண்ணை, என்ன இது? ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும்! நல்லாப் பாக்கட்டும்! அவைக்குக் காட்டத்தானே கொண்டு வந்தனீங்கள்? நிலத்தைப் பாருங்கோ. இது ஒரு சக்கரம் ஒரு பக்கமும் மற்றது மற்றப் பக்கமும் போற சாமான்."

"அவள் ஹாண்டிலைத் திருப்பியிருப்பாள்," என்றார் தயா.

"நான் திருப்பேல்லை," என்றாள் ஆரணி. "நேராப் போறதுக்குத்தான் திருப்பிப் பிடிக்கவேண்டி இருந்தது. எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது. என்ர பயம் எண்டு நினைச்சன்."

இதைக் கேட்டபோது எனக்குத் தயாவின் கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும் போல இருந்தது. பைக் பிழை. பிள்ளை தன் மேல் பிழை போட்டுக்கொண்டு ஏறியிருக்கிறாள்.

மாலை கட்டிய நூல் உருண்டை ஒன்று கோயில் படியில் கிடந்தது. அதை எடுத்து வந்தேன். ஆரணி இறங்கி பைக்கை நடு ஸ்டாண்டில் நிமிர்த்தி நிறுத்தினாள். ஹாண்டிலை நேராக்கி வைத்து, பின் ரயரை ஒட்டி நூலை இரண்டு பக்கமும் இழுத்து, ஒரு முனையை அவளிடம் கொடுத்தேன். விளக்கம் சொல்லத் தேவை வரவில்லை, அவளுடைய வேலையே அளவு பார்ப்பதுதான். குனிந்து பார்த்தாள். ஒரு பக்கம் நூல் முன் ரயரில் தட்டிக்கொண்டு நின்றது. மற்றப் பக்க இடைவெளிக்குள் அவளுடைய மூன்று விரல் போனது. விரலை எடுக்காமல் தகப்பனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, வேலையில இப்பிடி ஒரு பீஸ் வந்தா சிவப்பு டாக் கட்டி எறிவம். உங்களுக்கு இது தெரியுமோ?"

சிவநேசன் தேங்காய்த் தட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"இந்த அங்கிள் முதலே சொன்னவரோ?"

"சொன்னவர்தான்... இவை கதைக்கிற கதைக்கு, நீ திரும்ப ஓடுறதை ஒருக்கா..."

"ஆக்களுக்குக் காட்டவோ அப்பா என்னை ஏத்தினீங்கள்?"

அவள் சத்தம் போட்டுக் கேட்கவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது. சிவநேசன் தட்டை நிலத்தில் வைத்தார். வைத்துவிட்டு அங்கேயே குந்தியிருந்து, முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். அவர் மேல் அவ்வளவு கோபத்தோடு நின்ற எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. ஆரணி மாலையைக் கழற்றி ஐயரிடம் கொடுத்துவிட்டுத் தகப்பனுக்குப் பக்கத்தில் போய் இருந்தாள்.

4. கிரைண்டர்

அடுத்த நாள் பைக் கராஜுக்குத் திரும்பி வந்தது. இன்ஸ்பெக்ஷனுக்குப் போகவில்லை. எஞ்சினைக் கழற்றி வைத்தேன். சேசிஸை வெட்டப்போகிறேன் என்றதும் தயா குதித்தார்.

"புதுசா பவுடர் கோட்டிங் அடிச்ச சேசிஸ்! அப்பிடியே வைச்சா யாரும் எடுப்பினம்."

"அதுக்குத்தான் வெட்டுறன்," என்றேன்.

இரும்பு வெட்டுகிற கிரைண்டரை எடுத்தபோது சிவநேசன் வந்து கையை நீட்டினார். அவருக்குப் பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டுவிட்டு, பிடிக்கிற விதத்தைக் காட்டிக் கொடுத்தேன். கழுத்து துண்டாகி விழுமட்டும் அவர்தான் வெட்டினார். வெட்டின வாயில் அந்த வெடிப்பு உள்ளே எவ்வளவு தூரம் போயிருந்தது என்று பார்த்தார். பார்த்துவிட்டுக் கிரைண்டரை என் கையில் திருப்பித் தந்தார். அடுத்த வருஷம் ஆரணி வேறு பைக் எடுத்தாள். தகப்பன் தானே அதை ஓட்டிக்கொண்டு, நான் மாறிப்போயிருந்த கராஜுக்கு வந்து, "நூல் பிடிச்சுப் பாருங்கோ அண்ணை, பேந்துதான் பூசை," என்றார்.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். ஒரு சேசிஸ் சரிவராது என்று தெரிந்தால், சொல்வதோடு நிற்காதீர்கள். உரிமையாளரைச் சம்மதிக்க வைத்து உங்கள் கண் முன்னால் வெட்டுங்கள். முழுதாக விட்டால் அதை நேராக்க ஒருவன் வருவான், பெயின்ற் அடிக்க ஒருவன் வருவான், பூட்ட ஒரு முதலாளி இருப்பான். கடைசியில் ஏறுகிறவருக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. சம்மதிக்காத முதலாளியிடம் வேலை செய்யாதீர்கள். நானும் அந்தச் சீசனோடு அங்கிருந்து வந்துவிட்டேன்.

எங்கள் சனம் இந்தக் கதையை என்ன செய்தது என்பதையும் சொல்லவேண்டும். சில வருஷம் கழித்து ஒரு செத்த வீட்டில் பக்கத்துக் கதிரைக்காரர் என்னை யாரென்று தெரியாமல் எனக்கே சொன்னார்: "கோயில்ல ஒரு பைக்குக்கு எலுமிச்சம்பழம் சரியா நசியேல்லை. சகுனப் பிழை. அந்த நேரம் பாத்து அங்கை நிண்ட ஒரு வேதக்காரருக்குச் சாமி வந்திட்டுதாம். ஓடிப்போய் மறிச்சு, பிள்ளையைக் காப்பாத்திப்போட்டார்."

அவர் சொன்னதைத் திருத்தப் போனேன். பிறகு, இந்தக் கதையில் ஆரணியின் ஓட்டத்தை ஒருவரும் பிழை சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்குச் சொல்லாததை இங்கே எழுதிவைக்கிறேன். எனக்குச் சாமி வரவில்லை ஐயா. கோபம் வந்தது. அந்தக் கோபம், பைக் கராஜுக்கு வந்த அன்றைக்கே, கையில் கிரைண்டரோடு வந்திருக்க வேண்டும்.