குறைந்தது ஒன்று

அவனியாபுரத்தை ஒட்டிய ஒரு கலைக் கல்லூரியில் பிருந்தா புள்ளியியல் நடத்துகிறாள். நிகழ்தகவில் பைனாமியல் பாடத்துக்கு அவளுக்கென்று ஒரு கண்டிப்பு உண்டு. கேள்வியில் ‘குறைந்தது ஒன்று’ என்று வந்துவிட்டால் யாரும் ஒன்று, இரண்டு, மூன்று என்று கூட்டிக்கொண்டு உட்காரக் கூடாது. ஒன்றுமே கிடைக்காமல் போவதற்கான வாய்ப்பை மட்டும் கண்டுபிடித்து, ஒன்றிலிருந்து கழித்துவிட வேண்டும். கூட்டுகிற பிள்ளைகளை, “இந்தா இருக்க ஏர்போர்ட்டுக்கு ஏன்டா மாட்டுத்தாவணியச் சுத்திப் போற?” என்று வாரிவிடுவாள்.

கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. பிள்ளை இல்லை. விசாரிக்காத வாய் ஊரில் இல்லை. கடைசியில் தல்லாகுளத்தில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தார்கள். சோதனைக் குழாய் முறையில் தடவைக்கு நூற்றுக்கு முப்பது வாய்ப்பு, மூன்று தடவை பார்க்கலாம் என்றார் அவர். திரும்பும்போது ஸ்கூட்டரில் கணவர் வெங்கடேஷ்பாபுவுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் எப்போதும் சௌராஷ்டிரம் பேசுகிறவர்; சந்தோஷம் பொங்கினால் மட்டும் தமிழுக்குத் தாவிவிடுவார்.

“முப்பது, மூணு தடவ. தொண்ணூறு பிருந்தா! இன்னும் என்ன வேணும்?”

ஜவுளிக்கடைக்காரரின் மனக்கணக்கு. இதையே பரீட்சைத் தாளில் பார்த்திருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பாள். அப்படிக் கூட்டவே கூடாது. சரியான விடை அறுபத்தாறுகூட வராது. ஆனால் அன்றைக்கு அவள் திருத்தவில்லை. தொண்ணூறு கேட்க நன்றாக இருந்தது.

இரண்டு தடவை தவறிப்போனது. மூன்றாவதின் ரத்தப் பரிசோதனை முடிவை வாங்க அவர் போயிருந்த நேரம், இவளுக்கு வகுப்பு. பந்தைக் கூடையில் போடுகிற கணக்கு ஒன்றைத் தானாகவே பலகையில் எழுதினாள். வாய்ப்பு 0.3, முயற்சி மூன்று, குறைந்தது ஒன்று. எழுதி முடித்த பிறகுதான் எந்த எண்களை எழுதியிருக்கிறோம் என்று பார்த்தாள்.

ஒன்றுமே விழாததை எழுதக் கை வரவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று நீளமாக எழுதிக் கூட்டினாள். 0.657.

கொட்டாம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கும் தமிழ்வாணி எழுந்துவிட்டாள். “மேடம், நீங்களே சுத்துறீங்க? ஒண்ணுலருந்து கழிச்சா முடிஞ்சுச்சு, அம்புட்டுத்தான?”

“இன்னைக்கு ஒரு நா சுத்தியே போவோம்டி.”

வகுப்பு சிரித்தது. அப்போதுதான் போன் அதிர்ந்தது. வராந்தாவில் போய் எடுத்தாள். கணவர் சௌராஷ்டிரத்தில் ஆரம்பித்தார். அதற்கு மேல் அவள் கேட்க வேண்டியிருக்கவில்லை. சாப்பிட்டீர்களா என்று மட்டும் விசாரித்துவிட்டு வைத்தாள். ஒரே ஒரு பிள்ளை, அது போதும் என்றுதானே கேட்டோம்.

முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தாள். தமிழ்வாணி விடுகிறதாக இல்லை.

“மேடம், எல்லாத்தையும் சேத்தா ஒண்ணு வரணும்ல? இதுல குறையுதே. மீதி எங்க?”

பலகையில் இடமில்லை. ஓரத்தில் நெருக்கி 0.343 என்று எழுதினாள் பிருந்தா.

“மூணு தடவையும் விழாமப் போறது,” என்றாள். “அது மொதல்லருந்தே இருந்துச்சுடி. நாந்தான் எழுதாம விட்டுட்டேன்.”