வாடகை கேட்கப் போனவர்

என் புருஷன் ஒரு வீட்டு முதலாளி. சிரிக்காதீர்கள், பத்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது. லேத் பட்டறையில் இரும்பு கடைந்து சேர்த்த காசில் கீழே எங்களுக்கு ஒரு வீடு, வங்கிக் கடனில் மாடியில் வாடகைக்கு ஒரு வீடு, அதற்கும் மேலே மொட்டை மாடியில் தகரம் போட்ட ஒரு அறை. வருகிற வாடகை கடனுக்குப் போகும், நாம் காலாட்டிக்கொண்டு இருக்கலாம் என்பது ஐயாவின் திட்டம்.

அப்புறம் ஊரெல்லாம் வியாபாரம் படுத்தது. பட்டறையில் பாதிச் சம்பளம்தான். மாடிக்காரர் வேலை பார்த்த சோபா கடையை இழுத்து மூடிவிட்டார்கள். வாடகையும் நின்றது.

"போய்க் கேளுங்க" என்று அனுப்புவேன். மகாராஜா விறைப்பாகப் படியேறுவார். வாடகை என்ற சொல் வாயில் வந்தால்தானே! "குழாய் ஏதும் ஒழுகுதா தம்பி?" என்றுதான் ஆரம்பிப்பார். ஒழுகாத குழாய்கூட அவரைப் பார்த்ததும் ஒழுகும். எங்கள் செலவில் வாஷர் மாற்றி, அவர்கள் கொடுத்த டீயையும் குடித்துவிட்டு இறங்குவார்.

"கேட்டீங்களா?"

"பாவம்டி, அவன் மொகமே சரியில்ல."

"என் மொகம் மட்டும் ஜொலிக்குதாக்கும்!"

ஒருநாள் வங்கியிலிருந்து ஆள் வந்தார். "மாசக் கடைசிக்குள்ள தவணை கட்டலன்னா வீடு ஏலத்துக்குப் போயிடும்" என்று வாசலிலேயே நின்று சொன்னார். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி எழுப்பிய வீடாயிற்றே! "அவங்களைக் காலி பண்ணச் சொல்லுங்க, இல்ல நானே சொல்றேன்" என்று கத்தினேன்.

அதற்கும் ஏறிப் போனார். இறங்கும்போது மாடிக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தார். வேலை போனதிலிருந்து அவர் வீட்டு புரோக்கராம்.

"கவலையே படாதீங்கக்கா. நல்ல பார்ட்டி ஒண்ணு இருக்கு. ஒண்ணாந்தேதியே வாடகை கொடுத்துடுவாங்க."

"எந்த வீட்டுக்கு தம்பி? மேலதான் நீங்க இருக்கீங்களே?"

"உங்க கீழ் வீட்டுக்குத்தான்க்கா. நீங்க ரெண்டே பேர், மொட்டை மாடி ரூம் தாராளமாப் போதும். என் கமிஷனை வாடகை பாக்கியில கழிச்சுக்குங்க."

நான் புருஷனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். கோபம் கோபமாக வந்ததே தவிர, வேறு வழி எனக்கும் தோன்றவில்லை.

வீடு தப்பியது. பொய் சொல்லக் கூடாது, தவணை கட்டிய அன்று அழுதேவிட்டேன். இப்போது நாங்கள் தகரத்துக்குக் கீழே வேகிறோம். என் பீரோ அந்தக் குறுகல் படியில் ஏறவில்லை. புதிதாக வந்த அம்மாள் அதில் தன் துணியை அடுக்கி வைத்திருக்கிறாள்.

போன வாரம் மாடிக்காரர் எங்கள் அறைக்கு ஏறி வந்தார். பாக்கியைத்தான் கொண்டுவருகிறார் என்று நான்கூட எழுந்து நின்றேன்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. நீங்க நடக்கிற சத்தம் கீழ கேக்குது. பிள்ளைங்க தூங்க முடியல. கொஞ்சம் மெதுவா நடங்களேன்."

"சரி தம்பி" என்றார் வீட்டு முதலாளி.

அன்றிலிருந்து மனுஷன் சொந்த வீட்டில் நுனிக்காலில் நடக்கிறார். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அவர் பங்குக்கும் சேர்த்து நான் திங்கு திங்கென்று நடக்கிறேன்.