மேகம் இல்லாத படம்

ஹைதராபாத் பேகம்பேட்டில் எங்கள் ஆபீசுக்கு ஒரே எதிரிதான்: மேகம். சாட்டிலைட் படத்தைப் பார்த்து நிலத்துக்கு நிறம் போடுவது என் வேலை. காடு என்றால் பச்சை, வயல் என்றால் மஞ்சள், எதற்கும் உதவாத தரிசு என்றால் சாம்பல். மேகம் மூடிய படத்தில் தரை தெரியாது. அதனால் எல்லோரும் ஏப்ரல் மாதப் படத்தைத்தான் எடுப்போம். பளிச்சென்று இருக்கும். மழைக்காலம் என்று ஒன்று இருப்பதே எங்கள் வரைபடங்களுக்குத் தெரியாது. ஒன்பது வருடமாக இது என் மண்டையில் உறைக்கவே இல்லை, பாருங்கள்!

ஊரெங்கும் கரென்ட் படுத்திய காலம் அது. நாச்சாரத்தில் என் கணவர் லேத் ஓட்டிய கம்பெனிக்கு வாரத்தில் மூன்று நாள் பவர் ஹாலிடே, கரென்டே கிடையாது. அடுத்த கோடையும் இப்படியே போனால் இழுத்து மூடிவிடுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். கோயம்புத்தூர்க்காரரான என் கணவர் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. இப்போது புதன்கிழமை பதினோரு மணிக்குப் பனியனோடு உட்கார்ந்து, மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில் ஒரு காற்றாலைத் திட்டம் என் மேஜைக்கு வந்தது. புகையில்லாத கரென்ட், அதுவும் கோடைக்கு முன்பே. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இடம் தெற்கே, காரில் நாலைந்து மணி நேரத் தூரத்தில் ஒரு மேட்டு நிலம். ஏப்ரல் படத்தில் வெறும் மண். யோசிக்காமல் சாம்பல் அடித்தேன்.

வரைபடத்தில் கையெழுத்துப் போடுமுன் இடத்தை நேரில் பார்க்க வேண்டும் என்பது விதி. ஆகஸ்டில் போனேன். காரிலிருந்து இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டேன். நான் சாம்பல் அடித்த இடம் முழுவதும் இடுப்பளவு புல். ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. புல்லுக்குள்ளிருந்து கோழி அளவில் ஒரு கறுப்புப் பறவை எம்பியது, விழுந்தது, மறுபடி எம்பியது, வாணலியில் பொரி துள்ளுவதுபோல.

டிரைவர் செகந்திராபாத் ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த தமிழர். ஆட்டுக்காரரிடம் தெலுங்கில் விசாரித்துவிட்டு என்னைக் கை நீட்டித் தடுத்தார். "நக்கோ மேடம், அங்க கால் வைக்காதீங்க! பெட்டையக் கூப்பிடத்தான் குதிக்குதாம். மழைக்கு வந்து இந்தப் புல்லுலதான் முட்டை வைக்குமாம்."

சற்றுத் தள்ளி ஒரு பாறைக் கரடு இருந்தது. புல் பூண்டு கிடையாது. அங்கேயும் காற்று முகத்தில் அறைந்தது.

மானேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல மனிதர், மழுப்பவில்லை. காற்றாலைகளைக் கரட்டுக்கு நகர்த்தலாம், ஆனால் மழைக்காலப் படம் வாங்கி முதலிலிருந்து செய்ய வேண்டும், ஒரு வருடம் தள்ளிப்போகும் என்றார். "கையெழுத்து உங்களுது மேடம். திங்கட்கிழமை சொல்லுங்க."

ஞாயிறு காலை வரைபடத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்தேன்.

"என்ன அம்மிணி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?" என்றார் கணவர்.

சொன்னேன். மடித்து வைத்திருந்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தார். "ஒரு வருசம் கம்பெனி தாங்காது. ஆனா உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்யி." அதற்குப் பதில் என்னைத் திட்டியிருக்கலாம்.

காற்றாலைகள் அந்தப் புல்மேட்டிலேயே இன்றும் சுற்றுகின்றன. கம்பெனி பிழைத்தது. அவற்றின் கரென்டாலா என்று எனக்குத் தெரியாது. காற்றாலையே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கரென்ட் வேண்டுமா, பறவை வேண்டுமா என்று யாராவது வாதாடும்போது எரிச்சலாக வருகிறது. இரண்டுக்கும் அங்கே இடம் இருந்தது. ஒரு வருடம் பொறுக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பொறுக்காதவள் நான். யாரும் என்னை மிரட்டவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகளும் மேஜையருகே நின்றாள். ஆறு வயது. நாங்கள் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்பவள். பச்சையில் விரல் வைத்தாள், மஞ்சளில் வைத்தாள், சாம்பலுக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"அம்மா, இக்கட ஏமி லேதா?" இங்கே எதுவுமே இல்லையா என்கிறாள்.

நான் பேனாவைத் திறந்தேன்.

"ஒண்ணுமில்ல கண்ணு" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.