மத்தியை மிதக்கவிட்ட எண்ணெய்

போன ஞாயிறு மதியம், சாப்பிட்டுக் கை கழுவும்போது போன். திண்டிவனத்திலிருந்து அக்கா.

"மாமாவுக்கு நெஞ்ச அடைக்குதுன்றாரு. வேர்த்து ஊத்துது. கார்ல ஏத்திக்கினு விழுப்புரம் வர்றேன். நீ ஆஸ்பத்திரிக்கு ஜல்தி வந்துடு."

மாமா என்றால் அக்காவின் கணவர். போன வருஷம்தான் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். எனக்கு ஆஸ்பத்திரி பக்கம். முதலில் போய் வாசலில் நின்றேன். வருகிற வெள்ளைக் காரெல்லாம் அவர்கள் கார் மாதிரியே தெரிந்தது.

வந்தார்கள். ஈசிஜி எடுத்தார்கள், ரத்தமும் எடுத்துப் பார்த்தார்கள். புதிதாக எதுவும் இல்லையாம். அப்பாடா என்பதற்குள், "ரத்தத்தை இன்னொரு தடவை பார்த்துட்டுத்தான் சொல்ல முடியும். வெயிட் பண்ணுங்க" என்று போய்விட்டார் டாக்டர்.

வெயிட் பண்ணுங்க... சொல்வதற்கு எவ்வளவு சுலபம்!

அக்காவுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. "டாக்டர் சொன்னபடிதானே பண்ணிக்கினு இருக்கேன்? மட்டன நிறுத்தியாச்சு. மத்தி மீன் நல்லதுன்னாரு. ஒருநாள் விட்டு ஒருநாள் போடறேன்."

"குழம்பா?"

"வறுத்துதான். அப்பதான் சாப்பிடுவாரு."

"எதுல வறுக்கிற?"

அக்கா என்னை முறைத்தாள். "நம்ம நெலத்து மல்லாட்டை. செக்குல ஆட்டின எண்ணெய். அது இன்னா பண்ணும்?"

சுள்ளென்று கோபம் வந்தது எனக்கு. நம் நிலத்தில் விளைந்த வேர்க்கடலை என்றால் எண்ணெய் நமக்குச் சலுகை காட்டுமா? ஆனால் சண்டை போடுகிற இடமா அது? பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஒருவழியாக டாக்டர் வந்தார். "அட்டாக் இல்லை. வயிறுதான்." அக்கா அப்படியே நாற்காலியில் சரிந்தாள். என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். அக்கா சொன்னாள். அவர் முகம் மாறியது.

"உடம்பு தானா செஞ்சுக்க முடியாத கொழுப்பு ரெண்டு வகைம்மா. ரெண்டும் சாப்பாட்டுலதான் வரணும். ஒண்ணு, நாம ஊத்துற எண்ணெயிலேயே தாராளமா வருது. இன்னொண்ணு, ஒமேகா த்ரீ... அது மத்தியில, ஆளிவிதையில இருக்கு. அது பத்தலைன்னுதான் மீன் சொன்னேன். நீங்க அந்த மீனை எண்ணெயில மிதக்க விட்டா? ஏற்கெனவே அதிகமா இருக்கிறது இன்னும் அதிகமாகுது. குழம்பா வைங்க. எண்ணெயை ஸ்பூன்ல ஊத்துங்க." போகத் திரும்பியவர் மறுபடி அக்காவைப் பார்த்தார். "இந்தத் தடவை வயிறு. அடுத்த தடவையும் வயிறாவே இருக்கும்னு நான் சொல்ல முடியாது."

அக்காவை மட்டும் சொல்வானேன்? ஒன்று நல்லது என்று யாராவது சொன்னால் உடனே தட்டில் சேர்த்துக்கொள்கிறோம். பதிலுக்கு எதையாவது தட்டிலிருந்து எடுக்கிறோமா? பஜ்ஜி மாவில் ஆளிவிதைப் பொடி கலந்து ஆரோக்கியம் வளர்த்த வீடு என்னுடையது!

உள்ளே போனோம். மாமா தெளிந்திருந்தார். டாக்டர் சொன்னதைக் கேட்டதும் முகம் சுளித்தார்.

"வறுவல் இல்லாம இன்னா சோறு? பேஜாரா போச்சே" என்றார்.

அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அக்கா அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள்:

"கோவிச்சுக்கோங்க. தட்டத் தூக்கி வீசுங்க. அதுக்காச்சும் நீங்க வீட்ல இருக்கணும்."