நான் கேட்டு வாங்கிய இரண்டாவது மீட்டர்

ஜூலை பதினாறு, புதன்கிழமை. காலை 5.40க்கு எழுந்தேன். 6.15க்கு ஹோட்டல் பின்வாசலில் குசினிக் கழிவு வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்த, ஊருக்குள் திரியும் இரண்டு மான்களைத் துரத்தினேன். 6.30க்கு என் பொறுப்பிலிருக்கும் ஸ்டோரைத் திறந்து, பியர் பீப்பாய்கள் இருக்கும் குளிரறைக்குள் போய், வாயு சிலிண்டரின் மீட்டரைப் பார்த்தேன்.

200.

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அதே 200. செவ்வாய் 300. திங்கள் 400. அதற்கு முதல் ஒன்பது நாளும் ஒரு நூல் பிசகாமல் 550. எல்லாம் என் கொப்பியில் எழுதியிருக்கிறது.

ஒன்பது நாள் அசையாத முள் மூன்றே நாளில் ஏன் விழ வேண்டும்?

விஷயம் இதுதான். குழாயில் பியர் வருவதற்குப் பீப்பாய்க்குள் வாயு தள்ள வேண்டும். வாயு சிலிண்டரில் இருக்கிறது. அதன் வேகத்தை அடக்கி அளவாக விடுவது ரெகுலேட்டர். எங்களுடைய பழையது பழுதாகி, கிளாசில் பியரை விட நுரைதான் அதிகம் வந்தது. டவுனில் ஒரு கடைக்காரர் வெல்டிங் ரெகுலேட்டர் ஒன்றைத் தள்ளிவிடப் பார்த்தார். ‘எல்லாம் ஒண்டுதான் ஐயா’ என்றார். ஒன்றல்ல. பியருக்கு வேண்டிய சிறிய அழுத்தத்தை அதில் நுணுக்கமாக வைக்க ஏலாது. எதைக் கேட்டாலும் ‘எல்லாம் ஒண்டுதான்’ என்று சொல்பவரிடம் நான் ஆணிகூட வாங்குவதில்லை.

கடைசியில் சரியானது கிடைத்தது. ஒரு மீட்டர் போதும் என்றார் முதலாளி. இரண்டு மீட்டர் உள்ளதுதான் வேண்டும் என்று நான் நின்றேன். ஒன்று பீப்பாய்க்குப் போகும் அழுத்தம். மற்றது சிலிண்டருக்குள் இருப்பது. உள்ளே இருப்பது தெரிந்தால்தானே... யாராவது எடுத்தாலும் தெரியும்?

இப்போது தெரிந்துவிட்டது. அந்த அறைக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம். மற்றது பார் பொறுப்பாளர் ஜெயசீலனிடம். அவருடைய மச்சான் சாம்பல்தீவில் சோடாக் கடை திறந்து மூன்று கிழமைதான் ஆகிறது. சோடாவுக்கும் இதே வாயுதான்.

யாரோ வாயு எடுக்கிறார்கள் என்று முதலாளியிடம் சொன்னேன்.

“எடுத்த ஆளின்ர பேரை ஒரு தாளில எழுதித் தாங்கோ. நாளைக்கு எட்டு மணிக்கு மேசையில இருக்கோணும். ஆளை வேலையால நிப்பாட்டுவம்.”

ஜெயசீலனுக்கு இரண்டு பிள்ளைகள். வெளிநாட்டுக்காரர் வரும் இந்த நாலைந்து மாதத்தை விட்டால் அவருக்கு வேறு வருமானமில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் பாருக்குப் போனேன்.

“மச்சான்ர சோடா எப்பிடிப் போகுது?”

“இந்த வெயிலுக்குப் போகாமல் என்ன, அண்ணை.”

“காஸ் எங்க எடுக்கிறவர்?”

துடைத்துக்கொண்டிருந்த கிளாசை அவர் கீழே வைத்தார்.

“இவ்வளவு சுத்தி வந்திருக்கிறியள். கொப்பியில என்ர பேரை எழுதியாச்சோ, இன்னும் இல்லையோ?”

கொப்பியில் இல்லை. ஒரு தாளில் எழுதி, பொக்கற்றில்தான் வைத்திருந்தேன்.

பதினொரு மணிக்குக் கிண்ணியாவிலிருந்து றஸீன் புதிய சிலிண்டரோடு வந்தார். சோடாக் கம்பனிகளுக்கும் எங்களுக்கும் வாயு கொடுப்பவர். பியரை மோந்தும் பார்க்காதவர். கொப்பியைக் காட்டினேன். அவர் பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“முள்ளப் பாத்தா அண்ணன் கணக்கெடுத்தீங்க?”

லொறியிலிருந்து, யாரோ பாதியில் திருப்பிக் கொடுத்த சிலிண்டர் ஒன்றையும் இறக்கினார். இரண்டையும் எங்கள் உருளைக்கிழங்குத் தராசில் வைத்தார். வெறும் சிலிண்டரின் நிறை அதன் கழுத்திலேயே வெட்டியிருக்கிறது. அதைக் கழித்தால் புதியதில் ஆறு கிலோ வாயு, மற்றதில் மூன்று. இரண்டையும் அறைக் குளிரில் கொஞ்ச நேரம் விட்டு, ஒவ்வொன்றாக ரெகுலேட்டரில் பூட்டினார்.

ஆறு கிலோவுக்கு 550. மூன்று கிலோவுக்கும் 550.

“அமுக்கின காஸ் உள்ளுக்குத் தண்ணி மாதிரித்தான் கிடக்கு அண்ணன். அது இருக்குமட்டும் முள்ளு அசையாது. முடிஞ்சாத்தான் விழும். நிறுத்துப் பாக்கோணும்.”

“ஒரு பீப்பாய்க்கு எவ்வளவு போகும்?”

“கால் கிலோ.”

கொப்பியில் பீப்பாய்க் கணக்கு எழுதும் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு நாள், நாளுக்கு இரண்டு பீப்பாய். இருபத்துநான்கு. கிட்டத்தட்ட ஆறு கிலோ, ஒரு முழுச் சிலிண்டர். அதையும் என் கையால்தான் எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்தை ஏன் பார்க்கவில்லை?

சந்தேகப்படுகிறவன் எல்லாவற்றையும் கவனிப்பான் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். அவன் ஒன்றையே திரும்பத் திரும்பக் கவனிக்கிறான். அவ்வளவுதான்.

ஜெயசீலன் கதவடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை.

“இனி நிறையையும் எழுதுங்கோ அண்ணை. பக்கத்தில நானும் கையெழுத்து வைக்க இடம் விடுங்கோ. எனக்கும் உங்களில சந்தேகம் வரலாம்தானே.”

ஓம் என்றேன்.

அடுத்த நாள் காலை மான்களைத் துரத்தவில்லை, குளிரறைக்கும் போகவில்லை. முதல் வேலையாக, முதலாளி கேட்ட தாளைப் புதிதாக எழுதி அவருடைய மேசையில் வைத்தேன். யாரும் வாயு எடுக்கவில்லை, பார்த்த கணக்குத்தான் பிழை. பிழை விட்டவர் பெயருக்கான இடத்தில் என் பெயர்.