கீஷ் தீவில் மூன்று முறை கூப்பிட்ட குரல்

பேய், பிசாசு என்று யாராவது பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். துபாயில் ஏசி டக்ட் வேலை பார்த்தவன். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இருட்டில் தவழ்ந்து தவழ்ந்து, எந்தச் சத்தத்துக்கும் ஒரு காரணம் இருக்கும் என்று பழகிப்போனவன். மூன்றாம் மாடியில் பேசுவது டக்ட் என்கிற காற்றுக் குழாய் வழியாக முதல் மாடியில் கேட்கும். அதைக் கேட்டு அலறி ஓடிய வாட்ச்மேனை ஒரு மாதம் கிண்டலடித்து ஓட்டியிருக்கிறேன். அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

இரண்டாயிரத்து ஆறு வாக்கில் கம்பெனி மாறினேன். அப்போதெல்லாம் புது விசா வேண்டுமென்றால் நாட்டைவிட்டு வெளியே போய்த் திரும்ப வேண்டும். ஊருக்கு அனுப்பினால் செலவு என்று ஈரானின் கீஷ் தீவுக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள், சீட் பெல்ட் போட்டுக் கழற்றுவதற்குள் தீவு வந்துவிடும். அங்கே ஒரு மட்டமான ஹோட்டலில் விசா வரும்வரை கிடக்க வேண்டும். தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு, ஃபேக்ஸில் வந்த விசாக்களைக் கையில் வைத்துக்கொண்டு ரிசப்ஷனில் இருக்கும் ஈரானி பெயர் வாசிப்பார். பெயர், கூடவே அப்பா பெயர். மூன்று முறை கூப்பிடுவார். பதில் வராவிட்டால் காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவார்.

என் பக்கத்துக் கட்டில் தங்கராசு. புதுக்கோட்டைப் பக்கம், கொத்தனார். முப்பத்திரண்டு நாளாகக் காத்துக் கிடந்தான். ஊரில் மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. விசா இல்லாமல் திரும்பினால் ஏஜெண்ட் மறுபடி அனுப்ப மாட்டான் என்பது அவனுக்குத் தெரியும்.

"விசா மட்டும் வந்துருச்சுன்னா போதும்ணே. புள்ளைக்கு ஒரு வயசு ஆகுறப்ப லீவுல போயி மொட்டை போட்டுக் காது குத்திருவேன்" என்பான், தினமும், சாப்பிட்டு முடித்ததும்.

எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. பர் துபாயில் பாரசீக வியாபாரிகள் கட்டிய பழைய வீடு ஒன்றில் வேலை செய்தபோது காற்றுக் கோபுரத்தை முதலில் பார்த்தேன். மேலே போகிற காற்றைப் பிடித்துக் கீழே அறைக்குள் இறக்குகிற கோபுரம், கரண்ட் இல்லாத ஏசி. அது பிறந்த நாட்டுக்கே வந்துவிட்டோம், சும்மா கிடப்பானேன் என்று தீவில் இருந்த பழைய கட்டடங்களையெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தேன். தங்கராசும் வருவான். சுண்ணாம்புப் பூச்சைத் தடவிப் பார்த்து, "என்னா கைண்ணே இது!" என்று நின்றுவிடுவான். ஒரு நாள் மட்டும் தலைவலி என்று படுத்துக்கொண்டான்.

நான் தனியாகப் போனது ஒரு பழைய தண்ணீர்த் தொட்டிக்கு. தரைக்கு மேலே கும்மட்டமும் இரண்டு காற்றுக் கோபுரங்களும், உள்ளே படிகள் இறங்கிக்கொண்டே போகும். மணி இரண்டு இருக்கும். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. கீழே தண்ணீர் வற்றிப்போன வட்டமான தரை, உச்சியில் கண்ணாடி பதித்திருந்த துவாரம் வழியாக விழுந்த வெளிச்சம், அவ்வளவுதான். பிடரியில் சில்லென்று காற்று பட்டது. அடடா, என்ன வேலை என்று ரசித்துக்கொண்டிருக்கும்போதே குரல் கேட்டது.

யாரோ பெயர் வாசித்தார்கள். ரிசப்ஷன் ஈரானி நம் பெயர்களைக் கடித்துத் துப்புவார், இது அப்படியில்லை, சுத்தமான தமிழ் உச்சரிப்பு. முதலில் எங்கள் ஹோட்டலில் இருந்த கடலூர்க்காரர் பெயர். அடுத்து ஒரு மலையாளி. மூன்றாவதாக, "தங்கராசு கருப்பையா." சிறிது நேரம் கழித்து மறுபடியும். பிறகு மூன்றாவது முறையும், கொஞ்சம் எரிச்சலோடு. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. எங்கேயோ கேட்ட குரல் மாதிரி இருந்தது, ஆனால் யார் என்று பிடிபடவில்லை.

டக்ட் புத்தி உடனே வேலை செய்தது. கோபுரத்துக்கு அருகே எவனோ நின்று பேசுகிறான் என்று படியேறி ஓடினேன். வெளியே பொட்டல், ஒரு ஆள் இல்லை. கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தேன். புறா நுழையாமல் இருக்க எல்லா வாய்களையும் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். இரண்டு கோபுரத்திலும் அப்படித்தான். கோபுரம் வழியாகக் காற்று இறங்கவே வழியில்லை. அப்படியென்றால் என் பிடரியில் பட்டது என்ன?

அறைக்குத் திரும்பினால் தங்கராசு பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். முகம் வெளுத்திருந்தது.

"நாளைக்குக் காலையில கெளம்புறேண்ணே. துபாய் ஏர்போர்ட்லயே மாறி ஊருக்குப் போயிர்றேன். இது நமக்கு ஒத்து வராது."

"ஏன்டா திடீர்னு?"

"ஒண்ணுமில்லண்ணே. மனசு சரியில்ல."

நான் சொல்லியிருக்க வேண்டும். உன் பெயர் கேட்டதுடா, ரெண்டு நாள் பொறு என்று ஒரு வார்த்தை. வாட்ச்மேனை ஓட்டிய வாய்க்குப் பாழடைந்த தொட்டிக்குள் குரல் கேட்டது என்று சொல்ல வெட்கம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கேட்ட பெயர்களில் என் பெயர் இல்லை. அந்தப் பொறாமையும் இருந்தது. "யோசிச்சுக்கடா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்தேன். காலையில் போய்விட்டான்.

அன்று மூன்று மணிக்கு ரிசப்ஷனில் பெயர் வாசித்தார்கள். கடலூர்க்காரர். மலையாளி. மூன்றாவதாகத் தங்கராசு கருப்பையா. ஈரானி மூன்று முறை கூப்பிட்டார், கடைசி முறை எரிச்சலோடு. காகிதத்தை ஓரமாக வைத்தார். கிட்டே போய் அந்தக் காகிதத்தைப் பார்த்தேன், அவன் பெயர்தான்.

எனக்கு ஒன்பது நாள் கழித்து விசா வந்தது. துபாய் போனதும் தங்கராசு கொடுத்திருந்த பக்கத்து வீட்டு நம்பருக்குப் போன் செய்து அவனைக் கூப்பிடச் சொன்னேன். பெண் குழந்தை பிறந்திருந்தது. மறுபடி அனுப்ப ஏஜெண்ட் முடியாது என்று சொல்லிவிட்டானாம். மெதுவாக அவனுக்கு விசா வந்த கதையைச் சொன்னேன்.

"அண்ணே, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கக் கூடாது. நான் தலைவலின்னு படுத்திருந்த அன்னைக்கு மத்தியானம் ரூமு வாசல்ல நின்னு என்னைய எதுக்குக் கூப்புட்டீங்க?"

"நானா?"

"மூணு தடவ கூப்புட்டீங்கண்ணே, ஒங்க கொரலேதான். கதவத் தெறந்தா ஆளக் காணோம். அப்பா பேரையும் சேத்துக் கூப்புட்டீங்க. எங்கப்பா பேரு ஒங்களுக்குத் தெரியாதேன்னுதான் பயம் புடிச்சிருச்சு. ஏதோ கெட்டது அண்டிருச்சு, இங்க இருக்கக் கூடாதுன்னு பெட்டியக் கட்டிட்டேன். சொன்னா சிரிப்பீங்கன்னு சொல்லல."

சிரித்திருப்பேன். அதுதான் தாங்க முடியவில்லை. அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலோ, நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலோ அவன் அடுத்த நாள் மூன்று மணிக்கு அந்த ரிசப்ஷனில் நின்றிருப்பான்.

அவன் பயத்தில் யார் குரலையோ என் குரல் என்று நினைத்துக்கொண்டான் என்றுதான் பல வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லிவந்தேன். தொட்டிக்குள் நான் கேட்டது என் குரலாக இருந்திருந்தால் எனக்குத் தெரியாதா? பிறகு போனில் பேசிப் பதிவு செய்து அனுப்புகிற காலம் வந்தது. வேலை விஷயமாக ஒருவனைக் கொஞ்சம் எரிச்சலோடு பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசி அனுப்பிவிட்டு, சரியாகப் போயிற்றா என்று போட்டுக் கேட்டேன்.

தொட்டிக்குள் கேட்ட அதே குரல். நம் குரல் வெளியிலிருந்து வந்தால் நமக்கே அடையாளம் தெரியாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இன்றுவரை அந்தத் தொட்டிக்குள் நான் வாயைத் திறக்கவே இல்லை என்று யாரிடம் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன், தங்கராசுவிடம் மட்டும் செய்ய முடியவில்லை.